திரைவழி 'கேட்க' கற்க முடியுமா? ஆன்லைனில் நபர்மைய உளச்சிகிச்சை பயில விரும்புவோர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: "வேலையில் இருந்துகொண்டே மனநல ஆலோசகர் ஆகலாம்", "வீட்டில் இருந்தபடியே சான்றிதழ் பெறலாம்" என்ற விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் அடிக்கடி தென்படுகின்றன. இத்தகைய ஆன்லைன் படிப்புகள் பலவற்றின் பாடத்திட்டத்தில் 'நபர்மைய உளச்சிகிச்சை' என்ற பெயரும் இடம்பெறுகிறது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் உருவாக்கிய இம்முறையில் மருந்து இல்லை. அறிவுரையும் ஏறக்குறைய இல்லை. உதவி நாடி வருபவரைத் தீர்ப்பு வழங்காமல் முழுமையாகக் கேட்பதே இதன் அடிப்படை. பார்வைக்கு எளிமையாக இருப்பதால், சில காணொலிகளைப் பார்த்தே கற்றுவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு ஏற்படுகிறது.

உண்மையில் இதை அஞ்சல் வழியிலோ, ஆன்லைன் வழியிலோ கற்க முடியுமா? எந்த அளவு கற்கலாம்? கற்றவர் இந்தியாவில் சட்டப்படி என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? இக்கேள்விகளுக்கான விளக்கத்தை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் இத்தனை ஆர்வம்?

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர். பாதிப்பின் வகையைப் பொறுத்து, இவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு உரிய சிகிச்சை கிடைப்பதில்லை என்றும் அந்த ஆய்வு தெரிவித்தது.

தேவைக்கும் சேவைக்கும் இடையிலான இந்தப் பெரும் இடைவெளியை நிரப்ப மேலும் பலர் தேவை என்பதில் ஐயமில்லை. பெருநகரங்களுக்கு இடம்பெயர முடியாதவர்களுக்கும், குழந்தை வளர்ப்பில் ஈடுபட்டுள்ள பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், நடுவயதில் தொழில் மாற விரும்புவோருக்கும் ஆன்லைன் கல்வி ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது.

ஆனால் இத்துறையில் ஒருவர் அரைகுறையாகப் பயின்றால், அதன் விளைவை அனுபவிப்பவர் அவர் அல்லர். துயரத்துடன் அவர் முன் வந்து அமரும் மனிதர். எனவே பயிற்சியின் தரம் குறித்த கேள்வி இங்கு மிக முக்கியமாகிறது.

நபர்மைய உளச்சிகிச்சை என்றால் என்ன?

கார்ல் ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு சிகாகோ நகருக்கு அருகே ஓக் பார்க் என்ற ஊரில் பிறந்தவர். தொடக்கத்தில் நியூயார்க் மாகாணத்தின் ரோச்செஸ்டர் நகரில், சிக்கலில் உள்ள குழந்தைகளுக்கான மையத்தில் 12 ஆண்டுகள் பணியாற்றினார்.

அங்கு நிகழ்ந்த ஓர் அனுபவத்தை அவர் பின்னாளில் விரிவாக எழுதியுள்ளார். அடங்காத சிறுவன் ஒருவனின் தாயாரிடம், மகனை அவர் தொடக்கத்திலேயே மனத்தளவில் ஒதுக்கியதே சிக்கலின் வேர் என்பதைப் புரியவைக்க, பல சந்திப்புகளில் ரோஜர்ஸ் முயன்றார். பலன் கிட்டவில்லை. இதற்கு மேல் தொடர்வதில் பயனில்லை என இருவரும் ஒப்புக்கொண்டனர். வாசல் வரை சென்ற அந்தத் தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கு ஆலோசனை உண்டா எனக் கேட்டார். பிறகு அமர்ந்து தமது மணவாழ்வின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் கூறிவந்த விவரங்களுக்கும் இதற்கும் பெரும் வேறுபாடு இருந்தது. உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது என்கிறார் ரோஜர்ஸ்.

எது வலிக்கிறது, எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை அறிந்தவர், உதவி நாடி வருபவரே என்பது அவர் அங்கு கற்ற பாடம். நிபுணர் வழிகாட்ட, மற்றவர் பின்தொடரும் முறையை அவர் தலைகீழாக மாற்றினார். 'நோயாளி' என்ற சொல்லையும் தவிர்த்தார். 1951ஆம் ஆண்டு வெளியான அவரது நூல் 'கிளையண்ட்மைய சிகிச்சை' என்ற பெயரைத் தாங்கியிருந்தது. பின்னர் அதுவே 'நபர்மைய அணுகுமுறை' என விரிவடைந்தது.

ஆறு நிபந்தனைகள்

ஒருவரிடம் உளவியல் மாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகள் தேவை என்றும், அவை மட்டுமே போதுமானவை என்றும் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ரோஜர்ஸ் வாதிட்டார்.

இரு மனிதர்களிடையே உளத்தொடர்பு இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் உள்முரண்பாட்டிலோ பதற்றத்திலோ இருக்க வேண்டும். மற்றவரான சிகிச்சையாளரிடம் மூன்று பண்புகள் இருக்க வேண்டும். அப்பண்புகள் ஓரளவேனும் எதிரில் இருப்பவரைச் சென்றடைய வேண்டும். இவையே அந்த ஆறு நிபந்தனைகள்.

சிகிச்சையாளரின் மூன்று பண்புகளே இன்று உலகெங்கும் ஆலோசனைப் பயிற்சிகளின் அடித்தளமாக விளங்குகின்றன.

முதலாவது, உண்மைத்தன்மை. சிகிச்சையாளர் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இராமல், தம் உணர்வுகளைத் தாமே அறிந்தவராக இருத்தல்.

இரண்டாவது, நிபந்தனையற்ற ஏற்பு. எதிரில் இருப்பவரின் செயலை ஆமோதிக்கிறாரோ இல்லையோ, அவரை மனிதராக மதிப்பதில் குறை வைக்காமல் இருத்தல்.

மூன்றாவது, ஒத்துணர்வு. மற்றவரின் உலகை அவரது கண்களால் காண முயலுதல். இது இரக்கத்திலிருந்து வேறுபட்டது. இரக்கத்தில் ஒருவர் கரையில் நின்று பார்க்கிறார். ஒத்துணர்வில் மற்றவருடன் சேர்ந்து நடக்கிறார், ஆனால் தம்மை இழந்துவிடுவதில்லை.

இந்தப் பண்புகளுக்கு உளவியல் அல்லது மருத்துவ நூலறிவு முன்நிபந்தனை அல்ல என்றும், அனுபவப் பயிற்சி மூலமே இவை கைவரும் என்றும் அதே கட்டுரையில் ரோஜர்ஸ் குறிப்பிட்டுள்ளார். ஆன்லைன் பயிற்சி குறித்த விவாதத்தின் மையப்புள்ளி இதுதான். தகவல்களைத் திரைவழி அனுப்பிவிடலாம். அனுபவத்தை எப்படி அனுப்புவது?

ஒரு கூற்று, நான்கு பதில்கள்

ஒரு கற்பனைச் சூழலைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். தில்லியில் அறை எடுத்துத் தங்கி, அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர் ஒருவர் ஆலோசகரிடம் வருகிறார். "மூன்றாவது முறையும் தேறவில்லை. அப்பாவுக்கு போன் செய்யக்கூட மனம் வரவில்லை" என்கிறார்.

"கவலைப்படாதீர்கள், அடுத்த முறை நிச்சயம் வெற்றி பெறுவீர்கள்" என்பது ஆறுதல். "முதலில் அப்பாவிடம் பேசிவிடுங்கள், பாரம் குறையும்" என்பது அறிவுரை. "தினமும் எத்தனை மணி நேரம் படித்தீர்கள்?" என்பது விசாரணை. மூன்றும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆனால் மூன்றிலும் உரையாடலின் கடிவாளம் ஆலோசகர் கையில் இருக்கிறது.

நபர்மைய முறையில் பயின்றவர், "தேர்வு முடிவைவிட, அதை அப்பாவிடம் சொல்வதுதான் இப்போது பெரும் சுமையாக இருக்கிறதோ?" என மெல்லக் கேட்கக்கூடும். இளைஞர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "அவர் திட்டமாட்டார். 'பரவாயில்லப்பா' என்றுதான் சொல்வார். அதைத்தான் தாங்க முடியவில்லை" என்று கூறலாம்.

ஆலோசகரின் ஊகம் இங்கு முழுவதும் சரியாக இல்லை. ஆனால் அது திருத்தத்திற்கு இடமளித்தது. இளைஞர் தம் துயரத்தின் உண்மையான இடத்தைத் தாமே சென்றடைந்தார். அறிவுரை கூறியிருந்தால் அந்த வாக்கியம் வெளிவந்திருக்காது.

காணொலிப் பாடத்தின் இறுதியில் வரும் வினாத்தாளில் இந்த நான்கில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெரும்பாலோர் நான்காவதைத் தேர்வு செய்துவிடுவர். ஆனால் நேரில் ஒருவர் கண்கலங்கும்போது, அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாமல் இருப்பது வேறு விஷயம். அதை வினாத்தாளால் அளவிட இயலாது.

ஒலிப்பதிவுடன் வளர்ந்த பயிற்சி

தொழில்நுட்பம் இம்முறைக்கு அந்நியமானதன்று. 1940ஆம் ஆண்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த ரோஜர்ஸ், சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராயத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர். அக்காலத்தில் சில நிமிடங்கள் மட்டுமே பதியக்கூடிய இசைத்தட்டுகளே இருந்தன.

அவ்வாறு பதிவு செய்யப்பட்ட எட்டு அமர்வுகளின் முழு எழுத்து வடிவத்தை, பெயர் மாற்றி, 1942ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் அவர் சேர்த்தார். மூடிய அறைக்குள் நடந்துவந்த ஒரு தொழில், அனைவரும் ஆராயக்கூடிய பொருளாக அப்போது மாறியது.

ரோஜர்ஸும் மாணவர்களும் அப்பதிவுகளைச் சுற்றி அமர்ந்து மீண்டும் மீண்டும் கேட்டனர். எந்த இடத்தில் உரையாடல் ஆழமானது, ஆலோசகரின் எந்தச் சொல் அதைத் தடுத்தது என்பதை ஆராய்ந்தனர். இன்றும் தரமான பயிற்சிகளில், மாணவர் தமது அமர்வைப் பதிவு செய்து, எழுத்தில் வடித்து, வரி வரியாக ஆசிரியரிடம் விளக்குவது முக்கியத் தேர்வாக உள்ளது.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. ஆலோசகரின் பதில்களிலேயே கவனம் குவிந்ததால், 'வந்தவர் சொன்ன கடைசி வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வதுதான் ரோஜர்ஸ் முறை' என்ற கேலிச்சித்திரம் உருவானது. அதனால் மனம் வருந்தி, இத்திறன் பற்றிப் பேசுவதையே சில ஆண்டுகள் குறைத்துக்கொண்டதாக ரோஜர்ஸ் 1975இல் எழுதினார். இயந்திரத்தனமான எதிரொலி ஒத்துணர்வு ஆகாது.

இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. இம்முறையில் கருவி பயன்பட்டது ஆசிரியரின் உரையை மாணவருக்குக் கொண்டு சேர்க்க மட்டுமன்று. மாணவர் எப்படிக் கேட்கிறார் என்பதை ஆசிரியர் கேட்பதற்காக. ஆன்லைன் படிப்பையும் இதே அளவுகோலால் மதிப்பிடலாம்.

திரைவழி எதைக் கற்கலாம்?

கோட்பாடு, வரலாறு, ஆய்வு முடிவுகள், தொழில் நெறிமுறைகள் ஆகியவற்றைத் தொலைவில் இருந்தே நன்கு பயிலலாம். 1965ஆம் ஆண்டு வெளியான புகழ்பெற்ற பயிற்சிப் படத்தில் குளோரியா என்ற பெண்ணுடன் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் ஆகிய மூவரும் தனித்தனியே உரையாடுவதைக் காணலாம். மூன்று சிகிச்சை முறைகளின் வேறுபாட்டை அறிய, உலகெங்கும் மாணவர்கள் இப்படத்தைத் திரையில்தான் பார்த்து வந்துள்ளனர்.

நேரலை வகுப்பாக இருந்தால் 'மூவர் பயிற்சி'யும் இயலும். ஒருவர் தம் வாழ்வில் உள்ள சிறிய, உண்மையான விஷயம் ஒன்றைப் பேசுவார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பார். பின்னர் மூவரும் இடம் மாறுவர். காணொலிச் சந்திப்பு செயலிகளில் சிறு அறைகளாகப் பிரிந்து இதைச் செய்யலாம். ஆசிரியர் ஒவ்வோர் அறைக்கும் வந்து கவனிக்கலாம்.

மேற்பார்வையும் ஆன்லைனில் நடைபெறலாம். அனுபவமிக்க சிகிச்சையாளர் ஒருவர், மாணவர் சந்திக்கும் சூழல்களைக் குறித்து அவருடன் தொடர்ந்து ஆலோசிப்பதே மேற்பார்வை எனப்படுகிறது. சிறு நகரங்களில் வசிப்போருக்கு, தகுதியுள்ள மேற்பார்வையாளர் கிடைக்க இதுவே ஒரே வழியாகவும் அமையலாம்.

தவிர, இன்று பல ஆலோசனைகள் திரைவழியே நடைபெறுகின்றன. அவ்வாறு பணிபுரிய விரும்புவோர் திரைவழிப் பயிற்சியும் பெற்றாக வேண்டும்.

எது நழுவிப்போகிறது?

முதலில் நழுவுவது மௌனம். நபர்மைய சிகிச்சையில் மௌனத்திற்குப் பெரும் இடமுண்டு. நேரில், எதிரில் இருப்பவர் யோசிக்கிறாரா, அழுகையை அடக்குகிறாரா என்பது மூச்சிலும் தோளிலும் தெரியும். திரையில் மௌனம் நீடித்தால், இணைய இணைப்பு துண்டித்துவிட்டதோ என்ற ஐயமே முதலில் எழுகிறது. அதனால் பயிற்சி மாணவர் அவசரமாகப் பேசி மௌனத்தை நிரப்பப் பழகிவிடுகிறார்.

அடுத்தது உடல்மொழி. திரையில் தெரிவது பெரும்பாலும் தோளுக்கு மேற்பட்ட பகுதியே. நடுங்கும் விரல்களும், தரையில் தட்டும் பாதமும் தெரிவதில்லை. கேமராவைப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. முகத்தைப் பார்த்தால் பார்வை கீழ்நோக்கியதாகத் தோன்றும்.

மூன்றாவது, தனிமை. பக்கத்து அறையில் குடும்பத்தினர் இருக்கும்போது, பயிற்சிக்காகக்கூடத் தம் வாழ்வைப் பற்றி மனம் திறந்து பேசுவது எளிதன்று. மனிதர்கள் நெருங்கி வாழும் நமது வீடுகளில் இது நடைமுறைச் சிக்கல்.

நான்காவது, குழு அனுபவம். நீண்ட காலப் பயிற்சிகளில், மாணவர்கள் வட்டமாக அமர்ந்து தங்களிடையே எழும் உணர்வுகளை, கோபம் உட்பட, நேர்மையாகப் பேசிக்கொள்ளும் குழு அமர்வுகள் நடைபெறும். உண்மைத்தன்மை என்ற பண்பு வளர்வது பெரும்பாலும் அங்கேதான். ஆன்லைனில் ஒருவருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டால், ஒரு பொத்தானை அழுத்தி வெளியேறிவிடலாம். நேரில் இருந்தால் தேநீர் இடைவேளையிலாவது அதே முகத்தைச் சந்தித்தாக வேண்டும்.

அதனால்தான் பல நாடுகளின் தொழில்முறை அமைப்புகள், கோட்பாட்டுத் தேர்ச்சியுடன் நேரடி அனுபவத்தையும் வலியுறுத்துகின்றன. பிரிட்டனில் 'ஆலோசகர்' என்ற பட்டத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. எனினும் அங்குள்ள முன்னணி ஆலோசகர் சங்கம், உறுப்பினருக்கான பயிற்சியில் மேற்பார்வையுடன் கூடிய குறைந்தது 100 மணி நேர ஆலோசனைப் பணியை எதிர்பார்க்கிறது.

பலன் தருகிறதா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட 510 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2021இல் 'தி லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியாகின. நபர்மைய அடிப்படையிலான சிகிச்சை, பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு ஆறு மாத முடிவில் பின்தங்கவில்லை என அதில் தெரியவந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றோர் சற்றுக் கூடுதல் பலனைத் தக்கவைத்திருந்தனர்.

அந்த ஆய்வில் சிகிச்சை அளித்தவர்கள், உரிய பயிற்சியும் மேற்பார்வையும் பெற்றவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. சில வார காணொலிப் படிப்பு முடித்தவரிடமும் இதே பலன் கிடைக்கும் என இதைக்கொண்டு கூற இயலாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளை அஞ்சல் வழியிலும் ஆன்லைன் வழியிலும் நடத்துவதை, 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் நிறுத்துமாறு உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் உள்ளிட்ட பாடங்களும் இதில் அடங்கும். தொழில்முறைப் பயிற்சியின் தரத்தை உறுதி செய்வதே நோக்கம் எனக் கூறப்பட்டது.

இந்த உத்தரவின் பின்னணியில் இருப்பது, 2021ஆம் ஆண்டின் துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம். இச்சட்டத்தின் அட்டவணையில், 'நடத்தைசார் சுகாதார அறிவியல்' பிரிவின் கீழ் உளவியலாளர்களும் பலவகை ஆலோசகர்களும் இடம்பெற்றுள்ளனர். இச்சட்டத்தின் வரையறைப்படி, துணை சுகாதாரப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரக் கல்வியும், சுகாதாரத் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 3,600 மணி நேரக் கல்வியும் தேவை.

மருத்துவ உளவியலாளர்கள் இதிலிருந்து வேறுபட்டவர்கள். அவர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பெயர் பதிவு செய்திருக்க வேண்டும். அக்கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்தவர்களே அவ்வாறு பதிவு பெற முடியும். மனநல பராமரிப்புச் சட்டம், 2017இல் இடம்பெறும் 'மனநல வல்லுநர்' என்ற சொல்லுக்கும் குறிப்பிட்ட தகுதி வரையறைகள் உள்ளன.

பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும், சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. தனியார் அமைப்பு வழங்கும் சான்றிதழ், அந்தப் பயிற்சியில் கலந்துகொண்டதற்கான சான்று மட்டுமே. அது பட்டமும் ஆகாது, சிகிச்சை அளிப்பதற்கான உரிமமும் ஆகாது. வெளிநாட்டு அமைப்பின் உறுப்பினர் அட்டையும் இந்தியப் பதிவுக்கு ஈடாகாது.

பெயரிலேயே ஒரு சிக்கல்

தமிழில் 'ஆலோசகர்' என்றாலும், இந்தியில் 'சலாஹ்கார்' என்றாலும், யோசனை சொல்பவர் என்றே பொருள். நம் சமூகத்தில் துயரம் நேரும்போது பெரியவர்களிடம் சென்று வழி கேட்பது வழக்கம். எனவே ஆலோசகரை நாடி வருபவர், "நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்" எனக் கேட்பது இயல்பு. அதை மறுக்காமலும், உடனே தீர்ப்பு சொல்லாமலும் எப்படி உடன் நிற்பது என்பது நூல்களில் முழுமையாகக் கிடைக்காத பயிற்சி.

மொழியும் அவ்வாறே. பயிற்சிப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால் வருபவர் "மனசே சரியில்லை" என்றோ, "நெஞ்சு அடைக்கிறது" என்றோ, இந்தியில் "மன் நஹீ லக்தா" என்றோதான் பேசுவார். இவை எந்த ஆங்கிலக் கலைச்சொல்லுக்கும் நேர் இணையானவை அல்ல. ஆங்கிலத்தில் மட்டுமே பயிற்சி பெற்றவர், தம் தாய்மொழியிலேயே பதில் கூறத் தடுமாறக்கூடும். தாய்மொழியில் மூவர் பயிற்சி செய்ய வாய்ப்புள்ளதா என்பதைச் சேரும் முன் கேட்டறிவது நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* நேரலை வகுப்புகள் எத்தனை மணி நேரம்? பதிவு செய்யப்பட்ட காணொலிகள் எத்தனை மணி நேரம்?
* மாணவர் பிறரைக் கேட்கும் அமர்வுகளை ஆசிரியர் நேரிலோ, ஒலிப்பதிவிலோ கேட்டுக் கருத்துரைப்பாரா? எத்தனை முறை?
* நேரில் கூடும் பயிற்சி நாட்கள் உண்டா?
* உதவி நாடி வருவோருடன் பணியாற்றும் வாய்ப்பு உண்டா? அப்போது மேற்பார்வையாளர் யார், அவரது தகுதியும் பதிவும் என்ன?
* மாணவரே சிகிச்சை அமர்வுகளுக்குச் செல்ல வேண்டும் என்ற விதி உள்ளதா?
* ஒலிப்பதிவுக்கு முன் ஒப்புதல் பெறுவது, பதிவைப் பாதுகாப்பது, அழிப்பது பற்றிய விதிகள் என்ன? மனநல பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது.
* தற்கொலை எண்ணம், வன்முறை, தீவிர மனநோய் போன்ற சூழல்களில் யாரிடம், எப்படி அனுப்பிவைப்பது எனக் கற்பிக்கப்படுகிறதா?
* தேர்ச்சி பெறாமல் போகவும் வாய்ப்பு உள்ளதா? கட்டணம் செலுத்திய அனைவரும் தேர்ச்சி பெறுகிறார்கள் எனில், அங்கு மதிப்பீடு நடைபெறவில்லை என்றே பொருள்.

இவற்றுள் இரண்டாவது கேள்வியே மிக முக்கியமானது. மாணவர் கேட்பதை யாருமே கேட்காத ஒரு படிப்பு, நபர்மைய சிகிச்சையைப் பற்றிய தகவலைத் தரலாம். அந்தச் சிகிச்சையை அளிக்கும் திறனைத் தராது.

குறுகிய படிப்பால் பயன் இல்லையா?

உண்டு. பள்ளி ஆசிரியர், செவிலியர், மனிதவள அலுவலர், தன்னார்வலர் ஆகியோர் தத்தம் பணியில் மேலும் கவனமாகக் கேட்க ஒரு சிறு படிப்பும் உதவும். தோல்வியுற்ற மாணவரிடம் முதல் வாக்கியமாக அறிவுரை கூறாமல் இருப்பதே பெரிய மாற்றம்தான். பெற்றோருக்கும் இது பொருந்தும்.

தொழிலாக மேற்கொள்ள விரும்புவோருக்கு அது முதல் படியாக அமையலாம். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்பில் சேரும் முன், இத்துறை தமக்கு ஏற்றதா என அறிந்துகொள்ளவும் பயன்படும்.

எல்லை தாண்டும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. சான்றிதழைச் சுவரில் மாட்டி, 'உளச்சிகிச்சையாளர்' எனப் பலகை வைத்து, கட்டணம் பெறத் தொடங்கும்போது, வருபவர் அந்தச் சான்றிதழின் பின்னால் எத்தனை மணி நேரப் பயிற்சி உள்ளது என்பதை அறியமாட்டார். அவர் நம்பி வருகிறார். வேறெங்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறார். தவறான கைகளில் அது காயமாக மாறினால், மீண்டும் ஒருவரை நாடும் துணிவையே அவர் இழந்துவிடக்கூடும்.

உதவி நாடுவோரும் தயங்காமல் கேள்வி கேட்கலாம். "எங்கு பயின்றீர்கள்? எந்தப் பதிவேட்டில் உள்ளீர்கள்? உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா?" என்று கேட்பது அவமதிப்பு அன்று. உண்மைத்தன்மையை முதல் பண்பாகக் கற்ற ஆலோசகர் எவரும் இதற்கு நேர்மையாகப் பதில் அளிப்பார். முகம் சுளித்தால், வேறொருவரை நாடுவது நல்லது.

உதவி எண்

மன உளைச்சலில் இருப்போரும், அவர்களது குடும்பத்தினரும் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 அல்லது 1800-891-4416 என்ற கட்டணமில்லா எண்களில் 24 மணி நேரமும் தொடர்புகொள்ளலாம். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கப்பட்ட இச்சேவை, தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது.